பாட்டுக்கும் நூலகத்தில் இடம் வேண்டும்: சமயப் பாடல் ஒலிப்பதிவுகள் குறித்த கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டுப் பொது நூலக இயக்ககத்துக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கும், நூல் தேர்வுக் குழுவினருக்கும் நூலக வாசகர்கள், பாட்டுக் கேட்போர், பாடுவோர், பக்கவாத்தியம் வாசிப்போர் ஆகிய நாங்கள் முன்வைப்பது.

நம் பொது நூலகங்களில் சமய நூல்களுக்கென்று ஓர் அடுக்கு உண்டு. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும், சீறாப்புராணமும் தேம்பாவணியும், திருக்குர்ஆன் தமிழாக்கமும் விவிலியமும் அங்கே சேரத் தக்கவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாலடி தள்ளிப் பெரியாரின் எழுத்துகள் இருப்பதையும் யாரும் குறை சொல்வதில்லை. எல்லாச் சமயத்து நூலையும், சமயமே வேண்டாம் என்கிற நூலையும் வரிப் பணத்தில் வாங்கி வைப்பது பொது நூலகத்தின் வேலை என்று ஒப்புக்கொண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன. அதே நம்பிக்கை குரலேறி, தபேலாவும் ஆர்மோனியமும் சேர்ந்து, இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் வந்து நின்றால் மட்டும் நூலகம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இந்தச் சாசனம்.

தமிழர் வீடுகளில் சமயத்தைப் படித்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம். கந்த சஷ்டி கவசத்தை அச்சில் பார்க்காமலே சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டிமார்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் ஒலித்தது முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் மட்டும் அல்ல. தெருமுனைத் தேநீர்க் கடையில் நின்று அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் வேறு சமயத்தார். ஆடி பிறந்தால் கூம்பு ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. கார்த்திகையில் மாலை போட்டால் ஐயப்பன் பாட்டு. சபைக் கூட்டங்களில் அருட்தந்தை பெர்க்மான்சின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’. சமயம் பற்றி ஒரு வரிகூட எழுத்துக்கூட்டிப் படிக்க வராதவருக்கும் இவையெல்லாம் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்தவரின் சமய அறிவுக்கு அலமாரி கொடுத்துவிட்டு, கேட்டு அறிந்தவரின் சமய அறிவைத் தெருவோடு விட்டுவிடுவது நியாயம் ஆகாது.

முதலில் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். ‘அரசு நூலகத்தில் பக்திப் பாட்டு எதற்கு, மதச்சார்பின்மை என்னாவது?’ என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. நூலகம் நடப்பது உள்ளாட்சிகள் சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு வீதம் வாங்கும் நூலக வரியில். அதைக் கட்டுபவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள், சமயம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு, ஏதேனும் ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவை நாங்கள் முழு மனதோடு ஏற்கிறோம். அதனால்தான் ஒரு சமயத்துப் பாட்டை மட்டும் சேர்க்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து, ஒன்றையும் பரப்பாமல், கேட்க விரும்புகிறவரின் காதுக்கு மட்டும் கொடுங்கள் என்கிறோம். திருவாசகப் புத்தகத்தை வாங்கி வைப்பது சைவப் பிரசாரம் ஆகாது என்றால், திருவாசக ஒலிப்பதிவை வாங்கி வைப்பதும் ஆகாது.

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல் சட்டம். அதற்காக வாதாடி உழைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. இன்னொன்று, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பது. ரங்கநாதன் பிறந்த சீர்காழிதான் தன் பெயரோடு ஊர்ப் பெயரையும் தமிழ்நாடெங்கும் கொண்டுபோன கோவிந்தராஜனையும் தந்தது. நூலகத் தந்தையின் சொந்த ஊர் நூலகத்திலாவது சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாடல்களும் விநாயகர் பாடல்களும் முழுத் தொகுப்பாகக் கேட்கக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பெரிய ஆசை இல்லை.

இனி எங்கள் கோரிக்கைகள்.

ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒலிப்பதிவுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட வேண்டும். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இதற்கு முன்னோடியாக நிற்கட்டும்; கட்டடமும் மின்வசதியும் குளிர்சாதனமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அந்தச் சேகரிப்பை வலைப்பின்னல் வழியாக எடுத்துக் கேட்க வசதி செய்தால் போதும். நூல் கொள்முதலுக்கான தொகையில் கைவைக்காமல் இதற்குத் தனி நிதித் தலைப்பு வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். புத்தகத்தோடு பாட்டைப் போட்டிக்கு விட எங்களுக்கு விருப்பம் இல்லை.

எதைச் சேர்ப்பது என்பதில்தான் சண்டை வரும். ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இசைப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தால் தேர்வுக் குழுக்கள் சபாவில் பாடும் கீர்த்தனைகளை வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தியாகராஜரும் தீட்சிதரும் தாராளமாக வரட்டும். ஆனால் ஊர்த் திருவிழாவில் ஒலிநாடாக் கடை போட்டு விற்ற பாட்டும் வர வேண்டும். திரைப்பாட்டு ஒலிப்பதிவான அதே கூடங்களில், அதே வாத்தியக்காரர்களை வைத்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் பதிவு செய்த பாட்டு அது. அதனாலேயே அதைத் தரம் தாழ்ந்தது என்பவர்கள் உண்டு. அவர்களோடு நாங்கள் முழுமையாக முரண்படுகிறோம். கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த ‘கிருஷ்ண கானம்’ திரைக்கு வெளியே பிறந்தது. அதைக் கேட்டவர் யாரும் அதைத் தரக்குறைவு என்று சொல்ல மாட்டார். ‘ஏசு காவியம்’ எழுதியவரும் அதே கண்ணதாசன்தான்.

வட்டார வழிபாட்டுப் பாட்டுகளுக்குத் தனிக் கவனம் தேவை. குமரி, நெல்லைப் பக்கம் கோவில் கொடையில் பாடும் சுடலைமாடன் வில்லுப்பாட்டு, வட மாவட்டங்களில் பம்பையும் உடுக்கையும் முழங்க அங்காளம்மனை அழைக்கும் பாட்டு, அய்யாவழிப் பதிகளில் ஓதும் அகிலத்திரட்டு அம்மானை, தர்காக்களில் தப்ஸ் அடித்துப் பாடும் பக்கீர்களின் பாட்டு, தென் மாவட்டச் சபைகளின் பாடகர் குழுக்கள் சொந்தச் செலவில் போட்ட ஒலிநாடா ஆகியவை பெரிய நிறுவனங்களின் விலைப்பட்டியலில் ஏறாதவை. சில நூறு பிரதிகள் போட்டிருப்பார்கள்; அவையும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும். தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை இவையே. வாங்கும் பட்டியலில் முதல் வரிசை இவற்றுக்கு வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

நம்பிக்கை இல்லாதவர்களின் பாட்டும் இந்தச் சேகரிப்பில் சேர வேண்டும். சுயமரியாதை மேடைகளிலும் பொதுவுடைமை மேடைகளிலும் பாடிய பாட்டுகள் சமயத்தோடு நடந்த நீண்ட உரையாடலின் மறுபாதி. ஹனீபாவே இஸ்லாமியப் பாடல்களைப் பாடிய அதே குரலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைப் பாடல்களையும் பாடியவர். ஒரு பாதியை வைத்து மறுபாதியை விட்டால் அவர் யார் என்று இனி பிறக்கும் பிள்ளைக்குப் புரியாது.

எந்தச் சமயத்துக்கு எத்தனை என்று மக்கள்தொகை விழுக்காட்டைப் பார்த்துப் பங்கு போடும் முறையை நாங்கள் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் தமிழ்ப் பௌத்தத்துக்கும் சமணத்துக்கும் அலமாரியில் ஓரங்குலம்கூட மிஞ்சாது. மக்கள் எதைப் பாடினார்கள், எதைக் கேட்டார்கள், எது அழியும் நிலையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளே தேர்வுக்கு அளவுகோலாக இருக்கட்டும். தேர்வுக் குழுவில் இசை அறிந்தவர்கள், நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள், வாசகர் வட்டப் பிரதிநிதிகள், பெண் பாடகர்கள் இடம்பெற வேண்டும். சமயத் தலைவர்களைச் சமயத் தலைவர் என்ற தகுதியில் மட்டும் குழுவில் உட்கார வைக்க வேண்டாம்.

அடுத்து, பட்டியலிடும் முறை. இது நூலகருக்கு மட்டுமான சங்கதி என்று ஒதுக்காமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தூயி பகுப்பு முறையில் சமயம் 200-களில் வரும், இசை 780-களில் வரும். ஒலிப்பதிவை 200-களில் செருகினால் அது வழிபாட்டுப் பொருளாகச் சுருங்கி, இசை தேடி வருபவரின் கண்ணில் படாமல் போகும். ஆகவே பாட்டு பாட்டாகவே 780-களில் இருக்கட்டும். சமயத் தலைப்பு தேடுபவருக்கு உதவும் துணைக் குறிப்பாக இருக்கட்டும். பாட்டின் மரபைக் குறிக்கலாம், பாடியவரின் சமயத்தைக் குறிக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. அம்மன் பாட்டு என்றாலே நினைவுக்கு வரும் எல்.ஆர். ஈஸ்வரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சபரிமலையில் நடை சாத்தும் நேரத்தில் ஒலிக்கும் குரல் ஜேசுதாசுடையது. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா முஸ்லிம். தமிழ் இசையின் சுருதிகளை ஆராய்ந்து 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூர்க் கிறிஸ்தவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதிய கத்தோலிக்கர், தம் கீர்த்தனைத் தொகுப்புக்கு வைத்த பெயரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. 2005-ல் வெளிவந்த ‘திருவாசகம்’ சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள்: மாணிக்கவாசகரின் சொல், இளையராஜாவின் இசை, புடாபெஸ்ட் இசைக்குழுவின் வாசிப்பு, முன்னின்று நடத்தியவர் அருட்தந்தை ஜெகத் கஸ்பார் ராஜ். இதைச் சைவம் என்று மட்டும் ஓர் அட்டை எழுதி ஒட்டிவிட்டால் அதை உண்டாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் மறைந்துபோவார்கள். எந்தப் பெயர் வழியாகத் தேடினாலும் அந்தப் பதிவில் போய்ச் சேரும்படி பட்டியல் அமைய வேண்டும்.

பாடலாசிரியர், இசையமைத்தவர், பாடியவர், கோரஸ், தபேலா, புல்லாங்குழல், கீ போர்டு, ஒலிப்பதிவாளர், வெளியிட்ட நிறுவனம், ஆண்டு ஆகிய அனைத்தும் தமிழில், தமிழிலேயே தேடும்படி பதிவாக வேண்டும். ஒலிநாடா உறை அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்ட இந்தப் பெயர்கள் கைப்பேசிச் செயலிகளில் பாட்டு ஏறும்போது பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. கடைசியில் பாடகர் பெயர் மட்டும் நிற்கிறது. சில பாட்டுக்கு அதுவும் தவறு. ஒவ்வோர் உறை அட்டையையும் முன்னும் பின்னும் ஒளிவருடி பாட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆயிரம் பாட்டுக்குத் தபேலா வாசித்துவிட்டு எங்கும் பெயர் இல்லாமல் போன கலைஞர்களுக்கு நூலகம் செய்யக்கூடிய மிகக் குறைந்த நீதி அது.

பாதுகாப்பில் நாள் கடத்த இடமில்லை. காந்த நாடாவுக்கு ஈரப்பதமே எமன். கடலோர மாவட்டங்களில் சில மழைக்காலம் போதும், பூஞ்சை பிடித்துவிடும். நாடா பிழைத்தாலும் அதை ஓட்ட நல்ல கருவி கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பாளர் சங்கமும் 2019-லேயே இந்த அபாயத்தைச் சுட்டிக்காட்டின. எண்ணியமாக்கும்போது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்காத கோப்பாக எடுக்க வேண்டும். எம்பி3 கேட்பதற்குப் போதும், பாதுகாப்புப் படியாக அது உதவாது. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் எத்தனை வீட்டு நூலகங்களைக் கரைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரே கோப்பின் பிரதிகள் இரண்டு வேறு ஊர்களில் இருக்க வேண்டும்.

சட்டம் இடம் கொடுக்காது என்று இயக்ககம் சொல்ல வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், லாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் எண்ணியம் அல்லாத பிரதி இருந்தால் பாதுகாப்புக்காக அதை மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்கிறது. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதைக் கடந்த இசைத்தட்டுகள் ஏராளம். ஆனால் பாடல் வரிக்கும் இசைக்கும் உள்ள உரிமை, படைத்தவர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு வரை நீளும். அதை மதித்தே நடக்க வேண்டும். உரிமை உள்ளவற்றுக்கு உரிய கட்டணம் கொடுங்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இன்றும் கோவில் கச்சேரியை நம்பி வாழும் பாடகரின் பாட்டை இலவசமாக எடுத்துக்கொள்ள நாங்கள் கேட்கவில்லை. உரிமையை மனமுவந்து பொதுவுக்குக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கட்டும். பாரதியார் படைப்புகள் 1949-ல் மக்கள் சொத்தானபோது, இசைத்தட்டு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் அதை அரசிடம் ஒப்படைத்தார். அந்த மனம் உள்ளவர்கள் இன்றும் ஒலிநாடா வணிகக் குடும்பங்களில் இருப்பார்கள். போய்க் கேட்பதற்கு ஓர் அதிகாரி வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி பதிப்பகத்தார் ஒவ்வொரு நூலின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அந்தச் சட்டம் நூலையும் இதழையும் சொல்கிறது, ஒலிப்பதிவைச் சொல்லவில்லை. ஒலிப்பதிவையும் சேர்க்கும்படி தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். அதுவரை காத்திராமல், தமிழ்நாட்டில் வெளியாகும் பாடல் தொகுப்புகளில் ஒரு பிரதியைக் கன்னிமாராவுக்கு விரும்பித் தரும் ஏற்பாட்டை இயக்ககம் இப்போதே தொடங்கலாம்.

கேட்கும் முறையில் எங்கள் நிலை கண்டிப்பானது. நூலகத்துக்குள் ஒலிபெருக்கியில் எந்தச் சமயப் பாட்டும் ஒலிக்கக் கூடாது. ஆயுத பூசையானாலும், மீலாது நபியானாலும், கிறிஸ்துமஸானாலும் கூடாது. காதொலிப்பானில் கேட்பவர் கேட்கட்டும், பக்கத்தில் இருப்பவர் நிம்மதியாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கட்டும். பார்வைத்திறன் குறைந்தோர் பிறர் துணையின்றித் தேடிக் கேட்கும்படி பட்டியலும் கருவியும் பேச வேண்டும். முதியவர்களுக்கும் வீட்டை விட்டு வர இயலாதவர்களுக்கும் பாட்டு ஏற்றிய சிறு ஒலிப்பான்களை இரவல் தர வேண்டும்.

யார் எதைக் கேட்டார் என்ற பதிவு வெளியே போகக் கூடாது. இந்து வீட்டுப் பெண் சுவிசேஷப் பாட்டு கேட்பதும், முஸ்லிம் இளைஞர் கடவுள் மறுப்புப் பாட்டு கேட்பதும் அவரவர் சொந்த விஷயம். இன்றைய சூழலில் அந்தச் செய்தி கசிந்தால் குடும்பத்திலும் தெருவிலும் அவர்களுக்கு என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரவல் முடிந்ததும் பெயருக்கும் பாட்டுக்கும் உள்ள தொடர்பு அழிய வேண்டும். நீதிமன்ற ஆணை இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

பிற சமயத்தாரை இழிவு செய்யும் ஒலிநாடாக்களும் இருக்கின்றன. வட இந்தியாவில் அயோத்திப் பிரச்சினையின்போது ஒலிநாடாக்கள் எப்படி வெறுப்பை ஊர் ஊராகக் கொண்டுபோயின என்பதை பீட்டர் மானுவல் 1993-ல் எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ நூலில் காணலாம். இத்தகையவற்றை இரவல் அடுக்கில் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானம். அழிக்கவும் வேண்டாம், ஆய்வாளர் எழுத்துமூலம் கேட்டால் நூலக வளாகத்தில் கேட்கலாம். அதே நேரத்தில், ‘என் மனம் புண்பட்டது’ என்று நாலு பேர் கூடிவந்து சத்தம் போட்டதும் ஒரு பதிவை எடுத்துவிடும் பழக்கம் வரவே கூடாது. புகார் எழுத்தில் வரட்டும், குழு கேட்டுப் பார்க்கட்டும், முடிவைக் காரணத்தோடு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அந்த முடிவு வரும்வரை பதிவு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தனியாக மாட்டிக்கொள்ளும் கிளை நூலகர் மேல் இந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். அவருக்கு இயக்ககத்தின் எழுத்துமூலப் பாதுகாப்பு வேண்டும்.

கோவில், தேவாலயம், பள்ளிவாசல், மடம், கட்சி, தனியார் என்று யார் நன்கொடையாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். நிபந்தனை மட்டும் கூடாது. புரவலர் என்பதற்காகப் படத்தை மாட்டு, இந்தப் பாட்டை முன்னால் வை என்றால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும். ஒலி ஆவணப் பயிற்சி பெற்ற ஒருவரையாவது ஒவ்வொரு மாவட்டத்திலும் நிரந்தரப் பணியில் அமர்த்துங்கள். தொகுப்பூதியத்தில் ஓராண்டு வைத்துவிட்டு அனுப்பினால் கற்ற வேலையும் அவரோடு போய்விடும். ஒலிநாடாக் கடை நடத்தியவர்கள், பழைய ஒலிப்பதிவுக் கூடத்து ஊழியர்கள், மேடைக் கலைஞர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த உறையில் எந்தப் பாட்டு, யார் வாசித்தது என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. அவர்களுக்கு உரிய மதிப்பூதியம் கொடுத்து, பேச வைத்துப் பதிவு செய்யும் வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டடத்துக்கும் கருவிக்கும் காத்திராமல் ஆரம்பிக்க வேண்டும்.

இந்தச் சாசனம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலப் பதிலையும், ஆறு மாதத்துக்குள் முன்னோடி மாவட்டங்களின் பட்டியலையும், அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் நிதித் தலைப்பையும் எதிர்பார்க்கிறோம். வீட்டில் ஒலிநாடாவும் இசைத்தட்டும் வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர்கள் அவற்றின் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரிவு திறக்கும் நாளில் முதல் தொகுதியை ஒப்படைப்போம். ஒப்புகைச் சீட்டில் கொடுத்தவரின் பெயரோடு, பதிவில் பாடியவர், வாசித்தவர் பெயர்களும் இருக்க வேண்டும்.